ஒட்டாத பிள்ளைகளை ஒன்றாக விளையாட வைப்பது எப்படி? விழா வீட்டின் முதல் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு வழிகாட்டி

என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு 16 பிள்ளைகள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் அவள் வகுப்புப் பிள்ளைகள், மீதிப் பேர் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள், ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர். நான் செய்த முதல் காரியம் பாட்டைப் போட்டு மியூசிக்கல் சேர் ஆரம்பித்தது. முதல் சுற்றில் அவுட் ஆனவன் அங்கிருந்தவர்களிலேயே சின்னவன், நாலு வயது. நேராகப் போய் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கேக் வெட்டும்வரை வெளியே வரவில்லை.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 பேருக்கு 15 நாற்காலி என்றால் மொத்தம் 15 சுற்று. முதலில் வெளியேறுகிறவன் மீதி 14 சுற்றையும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். முதலில் வெளியேறுவது யார்? பெரும்பாலும் சின்னப் பிள்ளை, அல்லது இடித்துக்கொண்டு போகத் தெரியாத பிள்ளை. அதாவது, யாரை விளையாட்டுக்குள் இழுக்க வேண்டுமோ அவர்களைத்தான் அந்த விளையாட்டு முதலில் வெளியே அனுப்புகிறது.

அதற்குப் பிறகு பிறந்தநாள், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எங்கே போனாலும் பிள்ளைகளை மேய்க்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. தப்பித் தப்பிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம்

கூச்சப்படுகிற பிள்ளைக்கு விளையாட்டைப் பார்த்துப் பயம் கிடையாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பதைத்தான் அது தாங்காது. “உன் பேர் என்ன கண்ணா? மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு” என்று நடுக்கூடத்தில் நிறுத்துகிறோமே, அதைவிடக் கொடுமை அதற்கு வேறில்லை. ஆகவே எந்த விளையாட்டை எடுத்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இதில் எல்லோருடைய கண்ணும் எங்கே இருக்கும்? புளியங்கொட்டையில், துண்டில், காகிதத்தில் என்றால் அதை முதலில் வைக்கலாம். ஒரு பிள்ளையின் முகத்தில் என்றால் அது பின்னால் வர வேண்டும்.

இதனால்தான் பெயர் சொல்லும் விளையாட்டை நான் முதலில் வைப்பதில்லை. அறிமுக விளையாட்டு என்றாலே வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்வதில்தான் தொடங்குவார்கள். கை பழகட்டும், கால் பழகட்டும், பெயர் மூன்றாவதாக வரட்டும்.

முன்தினம் செய்ய வேண்டியவை

வரப்போகும் பிள்ளைகளை வயதுவாரியாக எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து ஐந்து, ஆறிலிருந்து ஒன்பது, பத்துக்கு மேல் என்று மூன்று கூட்டம். சின்னக் கூட்டத்திடம் சேர்ந்து விளையாடுவதை ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது என்று அவர் பிரித்த வகைகளை இன்றைக்கும் குழந்தை வளர்ப்புப் பாடங்களில் சொல்லித் தருகிறார்கள். அதில் எனக்கு மிகவும் உதவியது, சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதையும் அவர் ஒரு வகையாகச் சேர்த்திருப்பதுதான். ஓரமாக நின்று பார்க்கிற பிள்ளையும் தன் வழியில் அந்த ஆட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதன் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை வேறு மாதிரி வளைக்க வேண்டும். “பாட்டுப் பாடி விளையாட வாங்க” என்றால் உதட்டைச் சுழித்துக்கொண்டு போனை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள். ஒருவர் நடுவர், ஒருவர் பேங்க் (புளியங்கொட்டை தீர்ந்தவர்களுக்குக் கடன் கொடுப்பவர்), ஒருவர் சின்னப் பிள்ளைகளின் பொறுப்பாளர். பதவி கிடைத்தால் பத்து நிமிடத்தில் அவர்களே விளையாட இறங்கிவிடுவார்கள்.

வாங்கவேண்டிய பொருட்கள் அதிகமில்லை: ஒரு கிண்ணம் புளியங்கொட்டை (200 இருந்தால் போதும்), ஒரு பெரிய சார்ட் பேப்பர், ஸ்டாம்ப் பேட், ஸ்கெட்ச் பேனா, பழைய செய்தித்தாள், ஒரு துண்டு, ஒட்டி உரித்தால் தடம் விடாத காகித டேப். கூடத்தில் கண்ணாடி டீப்பாய் இருந்தால் அன்றைக்கு மட்டும் படுக்கையறைக்கு மாற்றிவிடுங்கள்.

பலூன் பற்றி ஒரு வார்த்தை. ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு என்று அமெரிக்காவில் பலூன் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். காலில் பலூனைக் கட்டி மிதித்து உடைக்கிற விளையாட்டை நான் விட்டுவிட்டதற்கு அது ஒரு காரணம். அந்தச் சத்தத்தில் அலறுகிற பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும் என்பது இன்னொன்று. கேக்கின்மேல் மெழுகுவர்த்தி எரியும்போது பனி ஸ்ப்ரே அடிப்பதும் வேண்டவே வேண்டாம். அந்த வாயு தீப்பற்றும்.

படி 1: வந்தவுடன் கைக்கு ஒரு வேலை (பிள்ளைகள் வந்துகொண்டிருக்கும் நேரம்)

அழைப்பில் ஐந்து மணி என்று போட்டால் முதல் ஆள் ஐந்தே காலுக்கும் கடைசி ஆள் ஆறு மணிக்கும் வருவது நம் வழக்கம். சீக்கிரம் வந்த பிள்ளைக்குத்தான் பெரிய சங்கடம். யாருமில்லாத கூடத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மிக்சரைக் கொறிக்கும்.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், பிள்ளைகளின் தோள் உயரத்துக்குச் சார்ட் பேப்பரை ஒட்டுங்கள். அதில் இலையில்லாத ஒரு மரம் வரைந்து வையுங்கள். வருகிற ஒவ்வொருவரும் ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை வைத்து, கிளையில் ஒரு இலை ஒற்றி, பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு இன்னொரு பிள்ளை எழுதித் தரட்டும், நீங்கள் எழுதாதீர்கள். “உன் பேர் என்ன?” என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்பதற்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. விரல் மை சுவரில் படும், படத்தான் செய்யும். ஈரத்துணி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

படி 2: ஒத்தையா ரெட்டையா (10 நிமிடம்)

எனக்குத் தெரிந்து கூச்சத்தை உடைக்க இதற்கு ஈடான விளையாட்டு இல்லை. பாட்டி காலத்து விளையாட்டுத்தான். ஒருவர் கொஞ்சம் புளியங்கொட்டையை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு “ஒத்தையா ரெட்டையா?” என்று கேட்பார். எதிராளி ஒன்றைச் சொல்ல வேண்டும். கையைத் திறந்து எண்ண வேண்டும். சரியாகச் சொன்னால் கையிலிருக்கும் கொட்டை முழுவதும் சொன்னவருக்கு. தப்பென்றால் அதே எண்ணிக்கையை அவர் கொடுக்க வேண்டும்.

விழா வீட்டுக்காக நான் இதில் இரண்டு விதிகளைச் சேர்த்துக்கொண்டேன். ஒன்று, ஆளுக்குப் பத்துக் கொட்டை கொடுத்துவிட்டு, ஒருவரிடம் ஒரு முறை விளையாடியதும் வேறு ஆளைத் தேடிப் போக வேண்டும், அடுத்தடுத்து அதே ஆளிடம் விளையாடக் கூடாது. இரண்டு, கொட்டை தீர்ந்தவர் பேங்க் அக்காவிடம் போய் ஐந்து கொட்டை கடன் வாங்கிக்கொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். அதனால் யாருக்கும் அவுட் கிடையாது.

நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். இருவர் இருவராக நிற்பதால் கூட்டத்தின் முன்னால் நிற்கும் பயமில்லை. கண்ணெல்லாம் மூடிய கையின்மேல். பேச வேண்டியது ஒரே ஒரு சொல். சென்னைக் குடியிருப்புகளில் தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஆளுக்கொரு மொழி பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். இந்த இரண்டு சொல்லை யாரும் அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் ஒன்றுவிட்ட தங்கை மகன், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன், அன்று மாலை முழுக்க “ரெட்டை! ரெட்டை!” என்று கத்திக்கொண்டிருந்தான். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் இருந்த இடத்திலிருந்தே விளையாடலாம், மற்றவர்கள் தேடி வருவார்கள்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் மட்டும் புளியங்கொட்டை கொடுக்காதீர்கள். வாய்க்கோ மூக்குக்கோ போய்விடும். நாலைந்து வயதுக்காரர்களுக்கு ஒற்றை இரட்டை புரியாது என்றால் பெரிய பிள்ளை ஒன்றோடு கூட்டுச் சேர்த்துவிடுங்கள். கையை மூடுவது சின்னவர் வேலை, எண்ணுவது பெரியவர் வேலை.

படி 3: ஒரு குடம் தண்ணி ஊத்தி (7 நிமிடம்)

இப்போதுதான் எல்லோரும் ஒன்றாக வருகிறார்கள். உயரமான இருவர் எதிரெதிரே நின்று கை கோத்துத் தோரணம் மாதிரித் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் முன்னால் இருப்பவரின் இடுப்பையோ சட்டையையோ பிடித்துக்கொண்டு ரயிலாக அதற்கடியில் நுழைந்து நுழைந்து சுற்றி வர வேண்டும். “ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சு, ரெண்டு குடம் தண்ணி ஊத்தி ரெண்டு பூ பூத்துச்சு” என்று பத்துவரை பாட்டு. பத்தாவது பூ பூத்ததும் தோரணம் கீழே இறங்கி ஒருவரைப் பிடித்துக்கொள்ளும்.

பிடிபட்டவரை வெளியே அனுப்பாதீர்கள். தோரணத்தில் நிற்கும் ஒருவரோடு இடம் மாறிக்கொள்ளட்டும். பிடிபட்டால் பதவி உயர்வு என்று ஆகிவிடும். வேண்டுமென்றே மெதுவாகப் போய் மாட்டிக்கொள்கிறவர்களும் வருவார்கள், போகட்டும். இந்தப் பாட்டை முன்பின் கேட்டிராத பிள்ளைகூட மூன்றாவது குடத்தில் சேர்ந்து பாடும், எண்ணிக்கை மட்டும்தானே மாறுகிறது. முதல் சுற்றில் நீங்கள் சத்தமாகப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது, பிள்ளைகளுக்குத் தைரியம் வரும்.

படி 4: இப்போது பெயர்கள் (7 நிமிடம்)

மூச்சு வாங்கிக்கொண்டு வட்டமாக உட்காரும்போது பெயரைக் கேளுங்கள். வெறும் பெயராகக் கேட்காமல், பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் தின்பண்டத்தோடு: முறுக்கு முருகன், லட்டு லட்சுமி, பஜ்ஜி பரத். ஷ்ரேயா, ஹர்ஷா மாதிரிப் பெயர்களுக்குத் தின்பண்டம் அகப்படாது, அப்போது கூட்டமே சேர்ந்து யோசிக்கும். ஹர்ஷாவுக்கு அல்வாவை வட இந்தியக் கணக்கில் ‘ஹல்வா’ ஆக்கிக் கொடுத்த பையனை எனக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் பிடித்த பண்டம் எதையாவது ஒட்டிவிடுங்கள், இலக்கணம் பார்க்க இது தேர்வு அறை இல்லை.

முன்னால் சொன்ன எல்லாப் பெயரையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி வைப்பார்கள். அது கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் பாறாங்கல்லை வைப்பது போல. எனக்கு முன்னால் இருவர் பெயர், அப்புறம் என் பெயர், அவ்வளவு போதும். பேசவே மாட்டேன் என்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்லட்டும். கேலி வருமா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள். குண்டாக இருக்கும் பிள்ளைக்குத் தின்பண்டப் பெயர் வைத்துச் சிரிக்கத் தொடங்கினால் உடனே பண்டத்தை விட்டுவிட்டு மிருகம், வண்டி என்று எதற்காவது மாற்றிவிடுங்கள்.

படி 5: மெல்ல வந்து கிள்ளிப் போ (10 நிமிடம்)

பூப்பறிக்க வருகிறோம் விளையாட்டின் நெருங்கிய சொந்தம் இது. இரண்டு அணி, அணிக்கு ஒரு தலைவர். அணி பிரிக்கச் சா பூ த்ரீ போடலாம். தலைவர்கள் ஆள் பொறுக்க விடாதீர்கள். கடைசியாகப் பொறுக்கப்படும் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் அதற்குப் பிறகு அந்த முறைக்கே போக மாட்டீர்கள்.

ஒவ்வொரு தலைவரும் தன் அணிப் பிள்ளைகளின் காதில் ரகசியமாக ஆளுக்கொரு பூப் பெயர் சொல்ல வேண்டும். இரண்டு அணியும் எதிரெதிரே உட்காரும். முதல் அணித் தலைவர் எதிரணிக்குப் போய் ஒருவரின் கண்ணைப் பொத்திக்கொண்டு, தன் அணியைப் பார்த்து “மல்லிகையே மல்லிகையே, மெல்ல வந்து கிள்ளிப் போ” என்பார். மல்லிகை எழுந்து, சத்தமில்லாமல் வந்து, நெற்றியில் லேசாகத் தொட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். பிறகு அணி முழுவதும் தலையைக் குனிந்துகொள்ளும். கண் திறந்தவர் மல்லிகை யாரென்று கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரே வழி, முகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பதுதான். யார் சிரிப்பை அடக்குகிறார், யார் மூச்சு வாங்குகிறார், யார் ரொம்ப நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன் நிமிர்ந்து பார்க்கத் தயங்கிய பிள்ளைகள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். அமைதியான பிள்ளைகள் இதில் ஜெயிப்பதும் அடிக்கடி நடக்கும். மெல்ல வந்து மெல்லப் போவது அவர்களுக்குப் பழக்கமான வேலைதானே.

ஒரு எச்சரிக்கை: ‘கிள்ளிப் போ’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு கிள்ளுகிறவர்களும், நங்கென்று குட்டுகிறவர்களும் உண்டு. ஒரு விரலால் தொடுவது என்று முதலிலேயே உங்கள் நெற்றியில் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

படி 6: ஓட்டம், இடம் இருந்தால் மட்டும்

மொட்டைமாடி, மண்டப முற்றம் போன்ற இடம் கிடைத்தால் குலை குலையா முந்திரிக்கா. எல்லோரும் வட்டமாக உட்கார, ஒருவர் துண்டோடு சுற்றி வந்து யார் முதுகுக்குப் பின்னாலாவது போட்டுவிட்டு ஓட, அவர் எடுத்துக்கொண்டு துரத்த வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாடியில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் வேண்டாம், மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ரசம் தூக்கிக்கொண்டு வருகிறவர்மேல் ஒரு பையன் மோதியதை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, ரசம் ஆறியிருந்தது.

வீட்டுக்குள்ளேதான் என்றால் காகிதத் தீவு. நாலைந்து பேருக்கு ஒரு விரித்த செய்தித்தாள். பாட்டு ஓடும்போது நடக்க வேண்டும், நின்றதும் அணி முழுவதும் தாளின்மேல் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தாளைப் பாதியாக மடிப்போம். கடைசியில் ஒருவர் ஒற்றைக்காலில், இன்னொருவர் யார் முதுகிலோ. வழவழப்பான டைல்ஸ் தரையில் தாள் வழுக்கும், ஓரங்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மியூசிக்கல் சேரின் பரபரப்பு அத்தனையும் இதில் இருக்கிறது, ஒருவரை ஒருவர் தள்ளுவதற்குப் பதில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எட்டு வயதுக்கு மேல் ஐந்தாறு பேர் தனியாக ஒதுங்கினால் சீட்டு எழுதி ராஜா ராணி கொடுத்துவிடுங்கள். போலீஸ் திருடனைக் கண்டுபிடிக்கும் அந்த ஆட்டம் ஆரம்பித்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

ஆட்டம் கெடும் இடங்கள்

அம்மாவை விட்டு வராத பிள்ளை: அம்மாவையும் சேர்த்து ஆட்டத்தில் உட்கார வையுங்கள். இரண்டாவது சுற்றில் அம்மா “தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று எழுந்து, கண்ணில் படுகிற தூரத்தில் நின்றால் போதும். சொல்லாமல் நழுவினால் அடுத்த விழாவுக்கும் சேர்த்து நம்பிக்கை போய்விடும்.

ரொம்பச் சின்னது ஒன்று “நானும் வருவேன்” என்று அழுதால்: நம்மிடம்தான் ஒப்புக்குச் சப்பாணி என்ற அருமையான ஏற்பாடு இருக்கிறதே. ஆட்டத்தில் இருக்கும், ஓடும், பாடும், ஆனால் பிடித்தாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை. எல்லோருக்கும் அது தெரியும், அதற்கு மட்டும் தெரியாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை தயங்கி நின்றாலும், பெயரைச் சொல்லாமல் இதே சலுகையைக் கொடுக்கலாம்: “நீ ரெண்டு சுற்று சும்மா விளையாடு, அப்புறம் சேர்த்துக்கலாம்.”

எல்லாவற்றிலும் ஜெயிக்க வேண்டும் என்று அடம்பிடித்து அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனைத் திட்டிப் பயனில்லை, நடுவராக்குங்கள். விதி பேசுகிற வாய் விதியைக் காக்கட்டும். இரண்டு பேர் காய் விட்டுக்கொண்டால் உடனே பழம் விடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். வெவ்வேறு தீவில் நிற்க வைத்தால் பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

பிள்ளைகளைவிட அதிகம் கெடுப்பது பெரியவர்கள். “டேய், அவளுக்கு விட்டுக் கொடுடா”, “என் பையன்தான் முதல்ல தொட்டான்” என்று சோபாவிலிருந்து தீர்ப்பு வரும். வீடியோ எடுக்க நடு வட்டத்துக்குள் போனை நீட்டுவார்கள். அது போதும், கூச்சமுள்ள பிள்ளை மறுபடி கல்லாகிவிடும். காபி டம்ளரைக் கையில் கொடுத்து பால்கனிப் பக்கம் அனுப்பிவிடுவது என் வழக்கம்.

பரிசு வைப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒன்றே, அதுவும் கடைசியில். ரிட்டர்ன் கிஃப்ட் எப்படியும் தரப் போகிறீர்கள், தனிப் பரிசு எதற்கு?

படி 7: இறக்கிக் கொண்டுவருவது (5 நிமிடம்)

ஓடி வேர்த்த பிள்ளைகளை அப்படியே கேக் முன்னால் நிறுத்தினால் தள்ளுமுள்ளுதான். வரிசையாக உட்கார வைத்து, முதல் ஆள் காதில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், காதோடு காதாகக் கடைசிவரை போகட்டும். “பாட்டி பக்கோடாவைப் பீரோவுக்குள் பூட்டி வைத்தாள்” என்று நான் அனுப்பியது ஒரு முறை மறுமுனையில் “பாட்டி பாக்கெட்டில் பீர் வைத்தாள்” என்று வந்து சேர்ந்தது. பாட்டி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். சத்தம் குறையவும் மூச்சு நிதானத்துக்கு வரவும் இந்த ஐந்து நிமிடம் போதும். குரலை உயர்த்தாமல், கிசுகிசுப்பாகவே “அடுத்தது கேக்” என்ற செய்தியையும் இதே வழியில் அனுப்பிவிடலாம்.

கேக் வெட்டிய பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பேங்க் அக்காவிடம் கொட்டைகளைத் திருப்பி எண்ணி வாங்குங்கள். பத்துப் பதினைந்து குறையும், பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளில் இருக்கும். கேட்டு வாங்க வேண்டாம், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி யாரோ யாரிடமோ மூடிய கையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். கீழே சிதறியவற்றை மட்டும் பொறுக்கிவிடுங்கள், இரவில் காலில் குத்தும்.